கண்டிக்குப் போன பூட்டனைத் தேடுவது எப்படி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வளர்ந்தவர்களிடம் குடும்பக் கதை கேட்டால் தாத்தா பாட்டி வரைக்கும் தடையில்லாமல் வரும். அதற்கு மேலே ஒரு படி ஏறினால், "அவங்க கண்டிக்குப் போனவங்க" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனதைத்தான் கண்டிக்குப் போனது என்பார்கள். எந்த ஊரிலிருந்து போனார்கள், யாரோடு போனார்கள், பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன, எதுவும் இருக்காது. என் அப்பாவின் தாத்தாவும் அப்படித்தான் இருந்தார். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதில் நான்கு வருஷம் தப்பான முறையில் தேடியே போய்விட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அந்த நான்கு வருஷமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு, பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியது. ஒவ்வொரு காகிதத்திலும் அதே பெயர் வருகிறதா என்று பார்த்தேன், வராவிட்டால் அது நம் ஆள் இல்லை என்று ஒதுக்கினேன். நம் முன்னோர்களுக்கு வீட்டில் ஒரு பெயர், தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் கிளார்க் காதில் விழுந்தபடி ஒரு பெயர். வயதும் மாறும், ஊர்ப்பெயரும் சிதையும். ஆனால் கூட இருந்தவர்கள் அவ்வளவு சுலபமாக மாறமாட்டார்கள். ஒரு சில்லறைக் கங்காணியின் (ஆள் சேர்த்துக் கூட்டிப்போன சிறு தலைவர்) கீழே போனவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், இல்லையென்றால் பக்கத்து ஊர், பங்காளி, மாமன் மச்சான். தோட்டம் மாறினாலும் கும்பலாகத்தான் மாறினார்கள், திரும்பி வந்தபோதும் முடிந்தவரை சேர்ந்தே வந்தார்கள். அதனால் பூட்டன் பெயர் கிடைக்காத இடத்தில் பூட்டனோடு இருந்தவர்களின் பெயரைத் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதற்கான வழிமுறைதான்.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் எந்தக் காகிதம் எப்போது, எதற்காக உண்டானது என்று புரியும். இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நம் பெரியவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி இந்த மலைக்கு வந்தது அப்படித்தான். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ.

முதலில் பெட்டியைத் திறங்கள்

முதல் வேலை, காகிதம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது. உங்கள் வீட்டோடு நிறுத்தாமல் பெரியப்பா வீடு, அத்தை வீடு, தாத்தாவின் தங்கை மகள் வீடு என்று எல்லா இடத்துக்கும் போக வேண்டும். மூத்த மகனிடம்தான் இருக்கும் என்று நம்பி நான் ஒரு வருஷம் சுற்றினேன். எங்கள் குடும்ப அட்டை (இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்தது, ரேஷன் கார்டு இல்லை) கடைசியில் கொளப்பள்ளிக்குக் கல்யாணமாகிப் போன அத்தையிடம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரே மஞ்சள் பையில் இருந்தது.

பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இலங்கைப் பிறப்புப் பத்திரம் இவற்றை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியவை மற்றவர்கள் குப்பை என்று நினைக்கிறவை. மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகக் குறிப்பு, சங்கத்துச் சந்தா ரசீது, இலங்கையிலிருந்து வந்த கடிதத்தின் உறை, போட்டோவின் பின்பக்கத்தில் உள்ள ஸ்டுடியோ முத்திரை, பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய பிறந்த நேரம். வெறும் உறைதானே என்று எறிந்துவிடாதீர்கள், அனுப்பியவர் விலாசத்தில் தோட்டத்துப் பெயரும் டிவிஷனும் தபால் ஆபீசும் இருக்கும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. பாட்டி தமிழ்ப் பெயரைத்தான் சொல்வார், பத்திரத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே தோட்டம்தான் என்று காட்ட அந்த உறை மாதிரி சாட்சி வேறில்லை.

கிடைத்ததை உடனே போட்டோ எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், வெற்றுப் பக்கமாக இருந்தாலும் சரி. அப்புறம், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். தாத்தாவின் பாஸ்போர்ட்டிலிருந்து முத்திரை விழுந்த பக்கத்தைக் கழற்றி நானே ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் மை பரவித் தேதி போய்விட்டது. அவர் ராமேஸ்வரத்தில் கால் வைத்த நாளைச் சொல்லக்கூடிய ஒரே அடையாளம் அந்த முத்திரைதான். பிறகு எப்படி மீட்டேன் தெரியுமா? அதே கப்பலில் வந்ததாகச் சொன்ன பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவரின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் முத்திரை பளிச்சென்று இருந்தது. கூட இருந்தவர்களைத் தேட வேண்டும் என்று எனக்கு முதலில் உறைத்தது அன்றைக்குத்தான்.

நம் மலையில் காகிதத்துக்கு எதிரி ஈரம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காய்கிற நாளாகப் பார்த்து எடுத்து, நிழலில் காற்றாட வைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் போடுங்கள். பெட்டி தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் இருக்கட்டும். பிளாஸ்டிக் பை உள்ளே வேர்த்துவிடும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

காகிதம் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் எண்பது தாண்டியவர்கள் யாராவது இருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அவர்களிடம் போங்கள்.

"உங்க மாமனார் பேர் என்ன?" என்று நேராகக் கேட்காதீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள், அந்தப் பெயரை வைத்த பேரனைக்கூட வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள். என் பாட்டி என் பெரியப்பாவைக் கடைசி வரைக்கும் 'பெரியதம்பி' என்றுதான் கூப்பிட்டார். அது செல்லப் பெயர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் மாலை, அடுப்படியில் உட்கார்ந்து கொண்டைக்கடலை உரித்துக்கொண்டே, "ஏன் பாட்டி, பெரியப்பாவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?" என்று சும்மா கேட்டேன். "அவங்கப்பனைப் பெத்தவர் பேராச்சே, எப்படிச் சொல்றது" என்றார். கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பூட்டனின் வீட்டுப் பெயர் எங்கள் பெரியப்பாவின் ரேஷன் கார்டிலேயே இருந்திருக்கிறது.

ஆகவே சுற்றி வளைத்துக் கேளுங்கள். உங்க காம்பராவுக்கு (லயத்து அறை) அடுத்த காம்பராவில் யார் இருந்தாங்க? பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடம்) எந்தக் கங்காணி பேர் கூப்பிட்டார்? தாலி முடிஞ்சது யார்? மாமன் சீர் கொண்டுவந்தது யார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்? காது குத்த எங்கே போனீங்க? குலசாமிக்கு எந்தத் திசை பார்த்துக் கும்பிட்டீங்க, எந்த மாசம் பொங்கல் வைச்சீங்க, கெடா வெட்டுவீங்களா, சைவமா? ஊர்ப்பெயரை மறந்தவர்கள்கூடச் சாமியை மறக்க மாட்டார்கள். கண்டியில் கல்லை நட்டுக் கும்பிட்டிருந்தாலும் அந்தச் சாமியின் மூலக் கோயில் இங்கே ஏதோ ஒரு ஊரில் இருக்கும், அந்த ஊரைச் சுற்றித்தான் உங்கள் பங்காளிகள் இருப்பார்கள்.

அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கறந்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள், அரை மணி நேரம் போதும், இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள். நீங்கள் போன பிறகுதான் அவர்களுக்கு நினைவு வரும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிடைக்கிற ஒவ்வொரு செய்தியையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே அது எங்கிருந்து கிடைத்தது என்றும் எழுதுங்கள். பாட்டி சொன்னது, பாஸ்போர்ட்டில் இருப்பது, நானாக ஊகித்தது என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஊகத்தைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள். இரண்டு காகிதம் முரண்பட்டால் ஒன்றை அடிக்காதீர்கள், இரண்டையும் வைத்திருங்கள். அந்த முரண்பாட்டுக்குள்தான் பெரும்பாலும் விஷயம் ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு காகிதத்தையும் எவ்வளவு நம்பலாம்

பாஸ்போர்ட்டில் நம்பத் தகுந்தது முத்திரைகள். அதில் உள்ள வயதும் பிறந்த தேதியும் பெரும்பாலும் மதிப்பாகப் போட்டவை, வருஷம் மட்டும் இருக்கும், அதுவும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும். பள்ளிக்கூடத்து டி.சி.யும் அப்படித்தான். சேர்க்கிற அன்று ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் ஒரு தேதியை வைத்திருப்பார், அதனால்தான் நம் குடும்பங்களில் இத்தனை பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள். ஆனால் டி.சி.யிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் தகப்பன் பெயர், முன்பு படித்த பள்ளி இரண்டும் இருக்கும். அவை உதவும்.

இலங்கைப் பிறப்புப் பத்திரத்தை நிதானமாக, ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பெயர், தேதி, தகப்பன், தாய் வரைக்கும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் எல்லோரும் செய்வது. கீழே போனால், தகப்பன் பிறந்த இடம் எது, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், இடம் என்ன, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் அவர் விவரம் என்ன என்று கேட்கிற கட்டங்கள் உண்டு. குடியுரிமைக்கு வம்சாவளி காட்ட வேண்டியிருந்ததால் வந்த கட்டங்கள் இவை. நம்மை நாடற்றவர்களாக்கிய அதே கணக்கு சில குடும்பங்களில் பாட்டன் பூட்டன் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான், அவர் இந்தியாவில் பிறந்து போனவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் வீட்டில் சிக்கல் இங்கேதான் வந்தது. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒன்று, பெரியப்பாவுக்கு வைத்த பெயர் வேறொன்று. முன்பாக இருந்தால் ஒன்று தப்பு என்று தள்ளியிருப்பேன். லயத்தில் விசாரித்தபோது ஒரு பெரியவர் சொன்னார், ஒருவர் பெயரில் பதிவாகியிருந்த இடத்தில் வேறொருவர் வேலைக்கு நின்று, அந்தப் பெயரே செக்ரோலில் நிலைத்துப்போவது நடந்ததுதான் என்று. பிறப்பைப் பதிவுக்கு அனுப்பியது தோட்டத்து ஆபீஸ், ஆபீசுக்குத் தெரிந்தது செக்ரோல் பெயர். ஆக இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பென்சிலில் எழுதி வைத்தேன்.

மொய் நோட்டு

எனக்குக் கதவு திறந்தது மொய் நோட்டில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாத்தா கல்யாணத்து நோட்டு அது. அட்டை போய், தையல் நூல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி சரியாக இருக்காது, ணா, றா, னா, லை, ளை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய வடிவத்தில் இருக்கும், எண்கள் தமிழ் எண்களாக இருக்கலாம். ௧ ஒன்று, ௨ இரண்டு, ௫ ஐந்து, ௭ ஏழு, ௮ எட்டு, ௰ பத்து, ௱ நூறு. ஒன்றைக் 'க' என்றும் ஐந்தை 'ரு' என்றும் படித்துவிட்டு இனிஷியல் என்று நினைத்துக்கொள்கிற ஆபத்து உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று குறிகளும் வரும்.

அந்த நோட்டின் மூன்றாவது பக்கத்தில் ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரு ஊர்ப்பெயர், கீழே வரிசையாகப் பதினொரு பெயர்கள். அந்தப் பதினொன்றுக்கும் முன்னால் ஏதோ கிறுக்கல் மாதிரி ஒன்று. பேனா சரியாக எழுதுகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ௸. மேற்படி என்பதற்கான குறி. மேலே எழுதிய அதே ஊர்தான் கீழே உள்ள பதினொரு பேருக்கும். ஒரே ஊரைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் ஒரு தோட்டத்துக் கல்யாணத்தில் அடுத்தடுத்து மொய் எழுதியிருக்கிறார்கள், அதில் முதல் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் 'பங்காளி' என்றும் இருந்தது. பூட்டனின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை, இருக்கவும் முடியாது, கல்யாணமே அவர் மகனுக்கு. ஆனால் அவருடைய ஊர் அங்கே பன்னிரண்டு முறை இருந்தது.

பெண் வழியில் தேடுகிறவர்களுக்கு மொய் நோட்டு இன்னும் முக்கியம். பூட்டிகளைக் காகிதத்தில் 'இன்னார் மனைவி' என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள். அவர்கள் பிறந்த வீடு தெரிய வேண்டுமானால் தாய்மாமன் சீர் யார் செய்தது என்று பாருங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் மூன்றிலும் அந்த ஒரு பெயர் தனியாக, பெரிய தொகையோடு வரும்.

தேதியைப் பெயர்ப்பது

நோட்டில் 'விய வருஷம் மாசி மாதம்' என்று இருந்தது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம், ஒரு சுற்று 1927 சித்திரையில் தொடங்கி 1987 சித்திரையில் அடுத்த சுற்று வந்தது. விய இருபதாவது, அதாவது 1946 ஏப்ரல் முதல் 1947 ஏப்ரல் வரை. மாசி என்பதால் 1947 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைக்குள். இங்கேதான் பலர் சறுக்குவார்கள், தை முதல் பங்குனி வரை ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்காதீர்கள். 'தாது வருஷத்தில் ஊரை விட்டுப் போனார்கள்' என்று பெரியவர்கள் சொன்னால் அது 1936-ஆ, தாது வருஷப் பஞ்சம் என்று பேர் வாங்கிய 1876-ஆ என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு தலைமுறை இருக்கிறது.

ஆபீஸ்களுக்குப் போவது

வீட்டுக் காகிதம் முடிந்த பிறகுதான் ஆபீஸ். கையில் ஒன்றுமில்லாமல் போனால் "எந்த வருஷம், எந்த ஊர்?" என்ற முதல் கேள்வியிலேயே திரும்பி வர வேண்டியிருக்கும்.

டேன்டீயிலோ தனியார் எஸ்டேட்டிலோ வேலை பார்த்தவர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினி படிவத்தில் குடும்பத்தினர் பெயர், உறவு, வயது எல்லாம் இருக்கும், வாரிசு என்ற முறையில் நகல் கேட்கலாம். பழைய வாக்காளர் பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருப்பதால் ஒரு லயம் முழுவதையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தகப்பன் அல்லது கணவன் பெயரோடு. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-லிருந்து இருக்கிறது, பழைய மாவட்ட ஆவணங்களுக்கு அங்கேதான் போக வேண்டும். மண்டபம் முகாம், மறுவாழ்வு உதவி சம்பந்தமாக ஏதாவது வேண்டுமென்றால் மறுவாழ்வுத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள், குடும்ப அட்டை எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இலங்கைப் பத்திரத்தின் நகலுக்கு அந்தப் பிரிவின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண்ணும் தேதியும் இருந்தால் வேலை சுலபம். அங்கேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மூலமாகச் செய்வது நல்லது. ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கிற ஒரு ஒன்றுவிட்ட அண்ணன், ஒரே நாளில் போய் விசாரித்துவிட்டு வருவார்.

"அந்த ரிஜிஸ்டர் கரையான் அரிச்சுப் போச்சு" என்ற பதில் வந்தால் மனம் விடாதீர்கள். ஒரு அலுவலகத்தில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து வேறொருவர் பணியில் இருந்தபோது அதே ரிஜிஸ்டர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வந்தது. கோபப்படாமல், ஒரு தாளில் என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடி போங்கள்.

கண்டிக்குப் போகாமல், கோயம்புத்தூர், சேலம், மைசூர் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு நேராக இந்த மலைக்கு ஏறியவர்களின் வாரிசுகளுக்கும் ஒரு வார்த்தை. வழிமுறை அதேதான், கங்காணியின் இடத்தில் மேஸ்திரியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆவணம் எங்கே இருக்கும் என்பது மாறும். நீலகிரி தனி நிர்வாகமானது 1868-ல், அதற்கு முந்தைய காகிதங்களைக் கோயம்புத்தூர் ஜில்லாவில் தேட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் 1870-கள் வரை மலபார் ஜில்லா, அங்கே பழைய நில ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும், 1969-ல் ஜன்ம நில உரிமை (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் வழக்குகள் நீண்டதால் பல குடும்பங்களில் வக்கீல் கட்டுகள் பத்திரமாக உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. அதில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் கூட வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊருக்குப் போவது

மொய் நோட்டில் கிடைத்த ஊர் திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கம். ஊர்ப்பெயர் கிடைத்தாலும் உடனே கிளம்பாதீர்கள், அதே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும். பழைய காகிதத்தில் உள்ள ஜில்லா, தாலுகா அந்தக் காலத்துக் கணக்கு என்பதை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 வரை சேலத்தில் இருந்தது, புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், மாவட்டமானது 1974-ல். அந்த ஊரில் நீங்கள் கேள்விப்பட்ட குலசாமி இருக்கிறதா என்று போனில் விசாரியுங்கள். ஊரும் சாமியும் பொருந்தினால் பஸ் ஏறலாம்.

போனதும் நேராகப் பூசாரியைப் பாருங்கள், இல்லாவிட்டால் கோயில் கணக்கு எழுதுகிறவரை. முதல் வாக்கியத்திலேயே, "சொத்துப் பங்கு கேட்டு வரலை, எங்க பாட்டன் பேரைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். சிலோன் சொந்தம் என்று ஒருவர் திடீரென்று வந்து நின்றால் அவர்கள் மனதில் முதலில் ஓடுவது நிலம்தான், அதில் தப்பு எதுவும் இல்லை. அதனால் பட்டா, வில்லங்கம் என்று ஆரம்பிக்காதீர்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'கண்டியில் இருக்கும் இன்னார்' என்று பெயர் வர வாய்ப்பு உண்டு, ஆனால் அதை அவர்களாக எடுத்துக் காட்டுகிற அளவுக்குப் பழக்கம் ஏற்பட்ட பிறகு பார்க்கலாம்.

நான் கேட்டது தலைக்கட்டு வரி நோட்டு. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி எழுதி வைப்பார்களே, அது. பூசாரி உடனே தரவில்லை. மொய் நோட்டின் போட்டோவைப் போனில் காட்டி அந்தப் பன்னிரண்டு பெயரையும் வாசித்தேன். ஐந்தாவது பெயரில் திண்ணையில் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "அது எங்க சித்தப்பா" என்றார். அப்புறம்தான் பெட்டி வந்தது. அடியில் கிடந்த நோட்டில், பங்காளிகள் வரிசையில், என் பெரியப்பாவின் பெயர். அதாவது பூட்டனின் பெயர். அதற்கு நேரே 'கண்டிக்குப் போனது, வரி அண்ணன் கட்டியது' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் அடுத்த திருவிழா, அதே பெயர், அதே வரி. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது திருவிழாவுக்கு அந்த அண்ணன் கட்டியிருக்கிறார்.

நோட்டை எடுத்துவரக் கேட்காதீர்கள், அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உங்களிடம் உள்ளதை எல்லாம் ஒரு பிரதி போட்டு அவர்களுக்கு அனுப்புங்கள், அவர்களுக்கும் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. நான் அனுப்பிய கட்டில் பூட்டனின் மக்கள், பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று நாற்பத்தேழு பெயர்கள் இருந்தன. அடுத்த திருவிழாவுக்கு வரி எவ்வளவு என்று கேட்டு ஒரு வாரத்தில் போன் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குடும்பத்துக்கு ஐந்நூறு என்றார்கள், கட்டிவிட்டேன்.